‘ஃபேர்’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் என்ன?

மொழிபெயர்ப்பு வேலையைத் தொடங்கிய புதிதில் செய்த ஒரு தவறு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அது ஒரு துப்பறியும் கதை. மூன்றாவது பக்கத்தில் ‘எ டால், ஃபேர் மேன்’ அறைக்குள் வருகிறார். ‘உயரமான, நேர்மையான ஒருவர் உள்ளே வந்தார்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். நாற்பது பக்கம் தாண்டியபின், கொலை நடந்த அறையில் நாற்காலியின் முதுகில் ஒரு வெளிர்மஞ்சள் தலைமுடி கிடைக்கிறது. துப்பறிபவர் அதை விளக்கொளியில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். இப்படி முடியுள்ள யாரையும் நாம் இதுவரை பார்க்கவே இல்லையே என்று எனக்குக் குழப்பம். மூலத்தைத் திரும்பப் புரட்டியபோதுதான் புரிந்தது. மூன்றாம் பக்கத்து ‘ஃபேர்’ அந்த மனிதரின் தலைமுடி நிறம். கதையின் முக்கியமான தடயம் என் மொழிபெயர்ப்பில் இல்லாமலே போயிருந்தது. அதைவிட மோசம், குற்றவாளியை முதல் அறிமுகத்திலேயே நேர்மையானவர் என்று வாசகரிடம் சொல்லியிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. ‘ஃபேர்’ எங்கே வந்தாலும், இந்த இடத்தில் இதற்கு எதிர்ச்சொல் என்ன என்று கேட்டுக்கொள்வேன். அகராதியில் பத்துப் பதினைந்து பொருள் போட்டிருப்பார்கள். அவற்றை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. எதிர்ச்சொல் கிடைத்துவிட்டால் பொருள் தானாக வந்து நிற்கும். தலைமுடியைப் பற்றிப் பேசும்போது எதிர்ச்சொல் ‘டார்க்’. வானிலைக்கு ‘ஃபவுல்’. எழுதிய படிக்கு ‘ரஃப்’; பள்ளியில் ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு என்று வைத்திருந்தோமே, அதுதான். பங்கு பிரிக்கும்போது ‘அன்ஃபேர்’. சாதாரணமாக ஒரு பெயரடைக்கு ஒன்றிரண்டு எதிர்ச்சொல்தான் இருக்கும். இதற்கு மட்டும் இடத்துக்கு ஒன்று. அது ஏன் என்று பார்க்க, சொல்லின் பிறப்பு வரை போக வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ‘ஃபெயர்’ என்பது போல ஒலித்தது. பொருள் ஒன்றுதான்: அழகான, கண்ணுக்கு இதமான. ஐஸ்லாந்து மொழியில் இதன் உடன்பிறப்பான ‘ஃபாகுர்’ இன்றும் அழகு என்ற பொருளிலேயே வாழ்கிறது. மறைந்துபோன கோத்திக் மொழியில் இதே குடும்பத்துச் சொல்லுக்குப் ‘பொருத்தமான’ என்று பொருள். பொருந்தியிருப்பது அழகு, அழகாயிருப்பது களங்கமற்றது, களங்கமற்றது நியாயமானது என்று இந்தச் சொல் ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறது. மேகமில்லாத வானம் களங்கமில்லாதது, அதனால் ‘ஃபேர் வெதர்’. அடித்தல் திருத்தல் இல்லாத படி ‘ஃபேர் காப்பி’. கப்பலுக்குத் தோதான திசையில் வீசும் காற்று ‘ஃபேர் விண்ட்’. இன்று கோல்ஃப் மைதானத்தில் நாம் கேட்கும் ‘ஃபேர்வே’ கூட முதலில் கப்பல்காரர்களின் சொல்தான். பாறையும் மணல்திட்டும் இல்லாமல் கப்பல் தடங்கலின்றிப் போகக்கூடிய நீர்வழி அது. பதினான்காம் நூற்றாண்டு முடிவதற்குள் ஒரு பக்கமும் சாயாத, நடுநிலையான என்ற பொருளும் வந்து சேர்ந்துவிட்டது.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. கண்காட்சி, சந்தை என்ற பொருளில் வரும் ‘ஃபேர்’ வேறு சொல். திருநாளைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பேருந்துக் கட்டணத்தைச் சொல்லும் ‘ஃபேர்’ மூன்றாவது சொல். பயணம் போவதைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்தது, ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு. தமிழில் எழுதும்போது மூன்றும் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. அவற்றை விட்டுவிடலாம்.

அழகு என்ற பொருளிலிருந்து இன்னொரு கிளையும் பிரிந்தது. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கிலேயே ‘ஃபேர்’ வெளிர் நிறத்தையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. வெளிர்ந்த தோலும் பொன்னிற முடியும்தான் அழகு என்று அன்றைய இங்கிலாந்தில் எழுதியவர்கள் நினைத்தார்கள். அந்த எண்ணம் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு சமூகத்தின் ரசனை அகராதிக்குள் போய்ப் பொருளாக மாறிவிட்டால், பின்னால் வருகிறவர்கள் அதை ரசனை என்று பார்ப்பதில்லை, உண்மை என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஸ்னோ ஒயிட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட ஜெர்மன் கதையில் ராணி கண்ணாடியிடம் கேட்பது, இந்த நாட்டிலேயே மிக அழகானவள் யார் என்றுதான். ஜெர்மன் சொல்லில் நிறம் இல்லை, அழகு மட்டும்தான். ஆங்கிலத்தில் அது ‘ஃபேரஸ்ட்’ ஆனது. பனிபோல வெள்ளையான பெண்ணின் கதையில் இந்தச் சொல் விழுந்ததும், அழகும் வெண்மையும் ஒன்று என்ற எண்ணம் ஒரே சொல்லில் பூட்டப்பட்டுவிட்டது. ஆங்கிலத்தில் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த குழந்தைகள், கண்ணாடி எதைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறது என்று பிரித்துப் பார்த்திருக்க வழியில்லை.

ஷேக்ஸ்பியர் இந்தப் பூட்டைக் கவனித்தார். 1609-இல் அச்சான அவருடைய சானட் கவிதைகளில் 127-ஆவது, பழைய காலத்தில் கறுப்பை யாரும் ‘ஃபேர்’ என்று எண்ணவில்லை என்று தொடங்குகிறது. நிறத்தைச் சொல்கிறாரா, அழகைச் சொல்கிறாரா? இரண்டையும்தான். கறுப்பான ஒருத்தியை அழகி என்று சொல்ல வேண்டும், ஆனால் அழகுக்குக் கையில் இருக்கும் சொல்லே வெளுப்பையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தச் சிக்கலோடு அவர் மல்லுக்கட்டுவதுதான் கவிதை. தமிழில் ‘அழகு’ என்று போட்டாலும் ‘வெளுப்பு’ என்று போட்டாலும் பாதிக் கவிதை கையை விட்டுப் போய்விடும்.

இந்தப் பூட்டு இன்னும் முழுதாகக் கழலவில்லை. 2020-இல் யூனிலீவர், லோரியல் போன்ற பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சருமப் பூச்சுகளின் பெயரிலிருந்தோ விளக்கத்திலிருந்தோ ‘ஃபேர்’, ‘ஃபேர்னஸ்’ போன்ற சொற்களை எடுத்துவிடுவதாக அறிவித்தன. ஒரு பெயரடைக்காக இவ்வளவு பெரிய நிறுவனங்கள் இறங்கிவர வேண்டியிருந்தது என்றால், அந்தச் சொல் அதுவரை எத்தனை பேர் மனதை அறுத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். தோல் மருத்துவர்கள் ‘ஃபேர் ஸ்கின்’ என்று எழுதும்போது அதில் பாராட்டு எதுவும் இல்லை. அவர்களுக்கு அது வெயிலில் சீக்கிரம் கன்றிப்போகும், தோல் புற்றுநோய்க்கு ஆபத்து கூடுதலான தோல். அதே சொல், ஆனால் அங்கே அது எச்சரிக்கை. மருத்துவக் கட்டுரையைத் தமிழில் தருகிறவர்கள் ‘அழகிய சருமம்’ என்று எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். ‘வெளிர் நிறத் தோல்’ என்பதே போதும்.

சரி, நம் மொழி இந்த விஷயத்தில் சுத்தமா என்று கேட்டால், இல்லை. ‘ஆள் நல்ல சிவப்பு’ என்று நாம் சொல்வதில் நிறம் மட்டுமா இருக்கிறது? ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிடப் பழைய ஒன்று. ‘செம்மை’ என்ற சொல்லைப் பாருங்கள். செவ்வானம், செந்தாமரை என்றால் சிவப்பு. செங்குத்து என்றால் நேர். செந்நெறி என்றால் ஒழுக்கமான வழி. செங்கோல் என்றால் வளையாத கோல், அதாவது நீதி தவறாத ஆட்சி. செந்தமிழ் என்றால் திருத்தமான, அழகான தமிழ். நிறமும் அழகும் நேர்மையும் நீதியும் ஒரே சொல் வடிவத்துக்குள் கிடக்கின்றன. வெவ்வேறு மூலை, வெவ்வேறு மொழிக்குடும்பம், ஆனால் ‘ஃபேர்’ போன அதே ஊர்களுக்குத்தான் ‘செம்மை’யும் போயிருக்கிறது. ஆங்கிலச் சொல் வெளுப்பில் நின்றது, நம் சொல் சிவப்பில் நின்றது. இதைக் கவனித்த நாளிலிருந்து ‘ஃபேர்’ எனக்கு அந்நியச் சொல்லாகத் தெரியவில்லை.

இன்று ‘ஃபேர்’ அதிகம் வருவது நியாயம் என்ற பொருளில்தான். இங்கேதான் மொழிபெயர்ப்பு உண்மையிலேயே கடினமாகிறது. ‘ஜஸ்ட்’ என்றும் ஆங்கிலத்தில் ஒரு பெயரடை இருக்கிறது, அதற்கும் அகராதியில் நியாயம், நீதி என்றுதான் போட்டிருக்கும். ஆனால் போரை ‘ஜஸ்ட்’ என்பார்கள். இரண்டு பேர் மோதும் சண்டையை ‘ஃபேர்’ என்பார்கள். அரசன் ‘ஜஸ்ட்’ ஆக இருக்கலாம். நடுவர் ‘ஃபேர்’ ஆக இருக்க வேண்டும். ‘ஜஸ்ட்’ மேலிருந்து பார்க்கிறது. அறமும் சட்டமும் தகுதியும் அதன் அளவுகோல். ‘ஃபேர்’ தரையில் நிற்கிறது. ஒரே களத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே வாய்ப்பு கிடைத்ததா என்பதே அதன் கேள்வி. தமிழில் இதற்கு ரொம்பக் கிட்டத்தில் வருவது ‘நியாயம்’தான். ‘இது என்ன நியாயம்?’ என்று ஒருவர் கேட்கும்போது அவர் நீதிமன்றத்தை நினைப்பதில்லை. தன்னையும் அடுத்தவரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். ‘அன்ஃபேர்’ என்பதற்கு நம்மிடம் இன்னும் கூர்மையான சொற்கள் உண்டு. வீட்டுக்குள் நடந்தால் ஓரவஞ்சனை. அலுவலகத்தில் நடந்தால் பாரபட்சம். விளையாட்டில் நடந்தால் அழுகுணி ஆட்டம், போங்கு. இந்த நான்கையும் விட்டுவிட்டு எங்கே பார்த்தாலும் ‘நியாயமற்ற’ என்று எழுதுவது, நல்ல உளிகளைப் பெட்டியில் பூட்டிவிட்டுக் கல்லால் செதுக்குவது போல.

‘ஃபேர்’ மனிதரின் குணமாக வரும்போதும் ‘நேர்மையான’ என்பது முழுதாகப் பொருந்துவதில்லை. நேர்மையானவர் பொய் சொல்லமாட்டார். ‘ஃபேர்’ ஆனவர் ஒரு பக்கம் சாயமாட்டார். பொய்யே சொல்லாமல் ஒரு பிள்ளைக்கு மட்டும் சலுகை காட்டும் ஆசிரியர் உண்டு. அவர் நேர்மையானவர்தான், ஆனால் ‘ஃபேர்’ இல்லை. ‘நடுநிலை தவறாதவர்’ என்பது நீளமாக இருந்தாலும் சரியான பொருளைத் தருகிறது.

விளையாட்டுக்கும் இந்தச் சொல்லுக்கும் உள்ள உறவு ஆழமானது. ‘ஃபேர் ப்ளே’ என்ற தொடரைப் பல மொழிகள் மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டன. பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் இதைச் சொல்ல ஆங்கிலச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள்; ஜெர்மன் மொழி ‘ஃபேர்’ என்ற பெயரடையையே தனதாக்கிக்கொண்டது. ஸ்பானிய மொழியில் ‘சுத்தமான ஆட்டம்’ என்று சொல்வதும் உண்டு. அதில் களங்கமின்மை என்ற பழைய பொருள் எட்டிப் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. விளையாட்டில் இதற்கு எதிர்ச்சொல் ‘ஃபவுல்’. அந்தச் சொல்லின் முதல் பொருள் அழுகியது, நாற்றமடிப்பது. கெட்ட வானிலைக்கும் கெட்ட ஆட்டத்துக்கும் ஒரே சொல், நல்ல வானிலைக்கும் நல்ல ஆட்டத்துக்கும் ஒரே சொல். ஜோடி பிரியவே இல்லை.

விதிப்படி நடப்பதும் ‘ஃபேர்’ ஆக நடப்பதும் ஒன்றா? 2018 உலகக் கோப்பைக் கால்பந்தில் இந்தக் கேள்வி மைதானத்தில் கண்முன்னே நின்றது. தங்கள் பிரிவில் ஜப்பானும் செனகலும் எல்லாவற்றிலும் சமம். இரண்டு அணிகளுக்கும் 4 புள்ளிகள். அடித்த கோல் நான்கு, வாங்கிய கோல் நான்கு. இரண்டும் மோதிய ஆட்டமும் 2-2 என்று சமன். அப்போது பார்க்கப்பட்டது ‘ஃபேர் ப்ளே’ புள்ளி, அதாவது யார் குறைவாக மஞ்சள் அட்டை வாங்கினார்கள் என்பது. ஜப்பானுக்கு 4, செனகலுக்கு 6. ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது. உலகக் கோப்பையில் ஓர் அணியின் கதி இந்த விதியால் முடிவானது அதுவே முதல் முறை.

ஆனால் ஜப்பானின் கடைசி ஆட்டம் எப்படி முடிந்தது என்று பார்த்தவர்களுக்கு நெருடியது. போலந்திடம் 0-1 என்று பின்தங்கியிருந்தார்கள். இன்னொரு மைதானத்தில் செனகலும் தோற்றுக்கொண்டிருந்தது. இப்படியே முடிந்தால் போதும் என்று, கடைசிச் சில நிமிடங்கள் ஜப்பான் வீரர்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே மெதுவாகத் தட்டிக்கொண்டு நின்றார்கள். கோல் அடிக்க முயலவில்லை. வெற்றியோடு திருப்தியடைந்த போலந்தும் பந்தைப் பிடுங்க ஓடிவரவில்லை. அரங்கம் கூச்சலிட்டது. எந்த விதியும் மீறப்படவில்லை. யாரும் ‘ஃபவுல்’ செய்யவில்லை. உண்மையில் ‘ஃபவுல்’ செய்யக் கூடாது என்பதற்காகவே அப்படி ஆடினார்கள். இருந்தும் ‘இது ஃபேர் இல்லை’ என்று எத்தனையோ பேர் சொன்னார்கள், அதையும் ‘ஃபேர் ப்ளே’ விதியால் வென்ற அணியைப் பார்த்து. அவர்கள் சொல்லைத் தவறாகப் பயன்படுத்தவில்லை. எழுதப்பட்ட விதி, எழுதப்படாத எதிர்பார்ப்பு இரண்டையும் இந்தச் சொல் சுமக்கிறது. இரண்டும் மோதும்போது சொல்லும் இரண்டாகப் பிளக்கிறது.

சட்டத்தில் இந்தப் பிளவு வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் பத்தாவது பிரிவு, ஒவ்வொருவருக்கும் ‘ஃபேர்’ ஆன, வெளிப்படையான விசாரணை பெற உரிமை உண்டு என்கிறது. இங்கே ‘ஃபேர்’ தீர்ப்பைப் பற்றிப் பேசவில்லை, விசாரணை நடந்த விதத்தைப் பற்றிப் பேசுகிறது. குற்றவாளிக்குச் சரியான தண்டனையே கிடைத்திருந்தாலும், அவர் தரப்பைக் கேட்காமல் கொடுத்திருந்தால் விசாரணை ‘ஃபேர்’ இல்லை. அமெரிக்காவின் 1976 பதிப்புரிமைச் சட்டத்தில் வரும் ‘ஃபேர் யூஸ்’ இன்னொரு உதாரணம். பிறர் படைப்பிலிருந்து எவ்வளவு எடுத்தால் ‘ஃபேர்’ என்று அந்தச் சட்டம் வரி கணக்கு, பக்கக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. எதற்காக எடுத்தார்கள், எடுக்கப்பட்ட படைப்பு எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தார்கள், அதனால் மூலப் படைப்பின் சந்தை பாதிக்குமா என்று நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது, அவ்வளவுதான். மீதி நீதிபதியின் கையில். இந்தத் தொடரை ‘நியாயமான பயன்பாடு’ என்று மொழிபெயர்ப்பது சரியே.

இனி, தமிழர்கள் அடிக்கடி சறுக்கும் இடத்துக்கு வருவோம். தரப்பட்டியலில் வரும் ‘ஃபேர்’. ஒருமுறை இணையத்தில் ஒரு பழைய அகராதி வாங்கினேன். நிலை என்ற இடத்தில் ‘ஃபேர்’ என்று போட்டிருந்தது. நல்ல நிலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். வந்த புத்தகத்தின் முதுகு பிளந்திருந்தது, முன்தாள் இல்லை, ஓரங்களில் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை. பழைய புத்தக வணிகத்தில் ‘ஃபைன்’, ‘வெரி குட்’, ‘குட்’, ‘ஃபேர்’, ‘புவர்’ என்று படி இறங்கும். அந்த ஏணியில் ‘குட்’ என்பதே சுமார்தான். ‘ஃபேர்’ என்றால் படிக்க முடியும், அவ்வளவே.

எதிர்ச்சொல்லைக் கேட்கும் வழி இங்கே உதவாது. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் ‘ஃபேர்’ ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொரு படியில் உட்காருகிறது. அமெரிக்கக் கடன் மதிப்பெண்ணான ஃபைகோவில் 580 முதல் 669 வரை ‘ஃபேர்’. அதற்குக் கீழே ஒரே ஒரு படிதான் உண்டு. ஐரோப்பியக் காற்றுத் தரக் குறியீட்டிலோ ‘குட்’ என்பதற்கு அடுத்த படியே ‘ஃபேர்’, ‘மாடரேட்’ அதற்கும் கீழே வரும். பழைய பாரோமீட்டரின் முகப்பில் ‘ஸ்டார்மி’, ‘ரெயின்’, ‘சேஞ்ச்’, ‘ஃபேர்’, ‘வெரி டிரை’ என்று எழுதியிருக்கும். அங்கே முள் ‘ஃபேர்’ பக்கம் போனால் துணியைத் தைரியமாக வெளியே காயப்போடலாம். அமெரிக்க மருத்துவமனைகளில் ஒரு நோயாளியின் நிலை ‘ஃபேர்’ என்று அறிவித்தால், நாடித்துடிப்பு முதலியவை சீராக இருக்கின்றன, நினைவு இருக்கிறது, ஆனால் உடல் உபாதை இருக்கலாம் என்று பொருள். ‘குட்’ என்பதற்குக் கீழே, ‘சீரியஸ்’ என்பதற்கு மேலே. இதை ‘நலமாக இருக்கிறார்’ என்று உறவினரிடம் சொன்னால் தவறான நிம்மதி. ‘கவலைக்கிடம்’ என்று சொன்னால் வீண் பயம். ‘நிலைமை தேவலை’ என்பது அளவாகப் பொருந்தும்.

பொதுவாகவே தரத்தைச் சொல்லும் ‘ஃபேர்’ நம்முடைய ‘பரவாயில்லை’ தான். தொனி ஒன்றேதான்: குறை சொல்ல மனமில்லை, பாராட்டவும் முடியவில்லை. அளவைச் சொல்லும்போது மட்டும் சொல் திடீரென்று கனம் கூடிவிடும். ‘எ ஃபேர் டிஸ்டன்ஸ்’ என்றால் ஓரளவு தூரம் அல்ல, நல்ல தூரம்தான். ‘எ ஃபேர் அமவுண்ட்’ என்றால் கணிசமான அளவு. இதற்கு எதிர்ச்சொல்லே கிடையாது. இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

வினையடையான ‘ஃபேர்லி’ இன்னும் கவனம் கேட்கிறது. ஒருவருக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது ‘ஃபேர்லி குட்’ என்று போட்டால், எழுதியவர் மனதில் ‘நன்றாகவே செய்வார்’ என்று இருக்கலாம். படிப்பவர் ‘ஏதோ செய்வார்’ என்று எடுத்துக்கொள்வார். வேலை கைநழுவ அந்த ஒரு சொல் போதும். ஆங்கில இலக்கண ஆசிரியர்கள் இன்னொரு நுட்பமும் சொல்லித்தருவதுண்டு: பிடித்த விஷயத்துக்கு ‘ஃபேர்லி’, பிடிக்காததற்கு ‘ராதர்’. அறை ‘ஃபேர்லி வார்ம்’ என்றால் இதமாக இருக்கிறது; ‘ராதர் வார்ம்’ என்றால் கொஞ்சம் புழுக்கம். அப்புறம் ‘ஃபேர்லி’க்கு நியாயமாக என்ற பொருளும் உண்டு. ‘என்னை ஃபேர்லி நடத்தினார்கள்’ என்றால் நியாயமாக நடத்தினார்கள். ‘ப்ளே ஃபேர்’, ‘ஃபைட் ஃபேர்’ என்னும்போது ‘லி’ ஒட்டாமலே வினையடையாகிவிடும்.

தொடர்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ‘ஃபேர் இனஃப்’ என்பதை ‘போதுமான அளவு நியாயம்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது வாதத்தில் ஓர் அடி விட்டுக்கொடுக்கும் சொல். ‘சரி, நீங்கள் சொல்வதும் சரிதான்’ என்று வரும். முழுச் சம்மதம் என்று பொருள் இல்லை, ‘ஆனால்’ என்று தொடர்ந்து பேச வழி இருக்கிறது. இன்னொன்று ‘ஃபேர் வெதர் ஃப்ரெண்ட்’. வானம் தெளிந்திருக்கும்வரை மட்டும் கூட இருப்பவர். குளத்தில் நீர் வற்றியதும் பறந்துபோகும் பறவை என்று நாம் காலங்காலமாகச் சொல்வது இவரைத்தான். அவர்களுக்கு மழை வந்தால் துன்பம், நமக்கு நீர் வற்றினால் துன்பம். ஒரே கசப்பை இரண்டு மொழிகளும் இரண்டு பருவத்தில் வைத்திருக்கின்றன.

ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகம் தொடங்கும்போதே மூன்று சூனியக்காரிகள் ‘ஃபேர் இஸ் ஃபவுல், அண்ட் ஃபவுல் இஸ் ஃபேர்’ என்கிறார்கள். இரண்டு காட்சிகள் தள்ளி மக்பெத் முதன்முதலாக மேடைக்கு வரும்போது, இவ்வளவு ‘ஃபவுல்’ ஆகவும் ‘ஃபேர்’ ஆகவும் ஒரு நாளை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறான். வானிலை மோசம், போரில் வெற்றி. சூனியக்காரிகளின் சொல் அவர்களைப் பார்ப்பதற்கு முன்பே அவன் வாயில் வந்துவிட்டது. தமிழில் பார்வையாளருக்கு அந்த நடுக்கம் வர வேண்டுமானால், இரண்டு இடத்திலும் ஒரே ஜோடிச் சொல் வந்தாக வேண்டும்.

இந்த ஒரு வரியோடு நான் பல நாள் இருந்திருக்கிறேன். ‘நல்லது கெட்டது, கெட்டது நல்லது’ என்று முதலில் எழுதினேன். பொருள் சரி, ஆனால் தட்டை. அழகும் இல்லை, அருவருப்பும் இல்லை. ‘அழகே அசிங்கம், அசிங்கமே அழகு’ என்று மாற்றினேன். ஒலி கிடைத்தது, அறம் போய்விட்டது. கண்ணாடி முன்னால் நிற்பவர்கள் பேசுவது போல இருந்தது. ‘நியாயமே அநியாயம்’ என்பது தெருச்சண்டை. கடைசியில் செங்கோல் நினைவுக்கு வந்தது, கூடவே கொடுங்கோலும். ‘கொடு’ என்றால் வளைந்த, கோணலான; ‘கொடுமை’யில் கோணலும் தீமையும் சேர்ந்தே இருக்கின்றன. செம்மையில் நேரும் அழகும் நீதியும். ராஜாவைக் கொன்று கோலைக் கைப்பற்றுபவனின் கதைக்கு வேறெந்த ஜோடி வேண்டும்?

‘செம்மையே கொடுமை, கொடுமையே செம்மை.’

மேடையில் மூன்று குரல்கள் இதைச் சேர்ந்து சொல்லிப் பார்க்க வேண்டும். வானிலை மட்டும் இதில் வரவில்லை. மக்பெத்தின் வரியில் அந்த நாளை ‘கொடுமையும் செம்மையும் கலந்த நாள்’ என்று எழுதி, மழையையும் பனிமூட்டத்தையும் மேடை அமைப்பவரிடம் விட்டிருக்கிறேன்.